சாவி யார் பையில் இருக்கிறது? ‘பஞ்சாயத்’ தொடரின் ஃபுலேரா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபுலேரா கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் புதுச் செயலர் வேலையில் சேர வந்திருக்கிறான். கதவில் பூட்டு தொங்குகிறது. சாவி பிரதான் ஜீயிடம் இருக்கிறதாம். பிரதான் ஜீயைப் பிடித்தால், காலையில் வயல் பக்கம் ஒதுங்கப் போன இடத்தில் அதை எங்கேயோ தவறவிட்டுவிட்டாராம். அப்புறம் அந்த முதல் அத்தியாயம் முழுக்க ஒரு பூட்டைத் திறக்கப் படுகிற பாடுதான்.

சிரித்துக்கொண்டே பார்க்கும்போது ஒரு விஷயம் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது. சாவியைத் தொலைத்தவர் பிரதானே இல்லை. பிரதான், அதாவது நம் ஊர்க் கணக்கில் ஊராட்சி மன்றத் தலைவர், அவருடைய மனைவி மஞ்சு தேவி. தேர்தலில் ஜெயித்தவர் அவர்தான், காகிதத்தில் இருக்கும் பெயரும் அவருடையதுதான். ஆனால் ஊர் மொத்தமும் ‘பிரதான் ஜீ’ என்று கூப்பிடுவது கணவர் பிரிஜ் பூஷண் துபேயை. புதுச் செயலரும் அப்படியே கூப்பிடத் தொடங்குகிறான். பார்க்கிற நாமும்தான்.

‘பஞ்சாயத்’ இந்தித் தொடர் அமேசான் பிரைமில் 2020 ஏப்ரல் 3 அன்று வந்தது. அதன் பிறகு 2022, 2024, 2025 என்று மொத்தம் நான்கு சீசன்கள். இரண்டாவது சீசனுக்கு 2023 கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில், அந்த ஆண்டுதான் முதன்முதலாக அறிவித்த ஓடிடி தொடர் விருது கிடைத்தது. நடிப்பு எப்படி, இசை எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஃபுலேராவை ஒரு நிஜ ஊராட்சி என்றே வைத்துக்கொண்டு, அங்கே அதிகாரம் யார் கையில் இருந்தது, எப்போது கை மாறியது, எந்த இடத்தில் மாறாமல் நின்றுபோனது என்று மட்டும் பார்க்கப் போகிறேன்.

ஊரும் ஆட்களும்

கதைப்படி ஃபுலேரா இருப்பது உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், பிகார் எல்லையை ஒட்டிய பலியா மாவட்டத்தில். படம்பிடித்த இடம் வேறு: மத்தியப் பிரதேசத்தின் சீஹோர் மாவட்டத்தில் உள்ள மஹோடியா கிராமம். சந்தன் குமார் எழுத்து, தீபக் குமார் மிஸ்ரா இயக்கம், தயாரிப்பு டி.வி.எஃப். நிறுவனம்.

செயலர் அபிஷேக் திரிபாதி (ஜிதேந்திர குமார்) இன்ஜினீயரிங் முடித்தவன். நல்ல வேலை எதுவும் அமையாமல், மாதம் 20,000 ரூபாய் சம்பளத்துக்கு இங்கே வந்து மாட்டிக்கொள்கிறான். ராத்திரியில் கேட் (CAT) தேர்வுக்குப் படித்து, எம்.பி.ஏ. சேர்ந்து, ஊரைவிட்டு ஓடிவிட வேண்டும் என்பது திட்டம். பிரிஜ் பூஷணாக ரகுபீர் யாதவ், மஞ்சு தேவியாக நீனா குப்தா. துணைத் தலைவர் பிரஹ்லாத் (ஃபைசல் மாலிக்), அலுவலக உதவியாளர் விகாஸ் (சந்தன் ராய்). மாலையானால் பிரிஜ் பூஷண், பிரஹ்லாத், விகாஸ், அபிஷேக் ஆகிய நான்கு ஆண்களும் பீர் பாட்டிலோடு எங்காவது உட்கார்ந்துவிடுவார்கள். ஊராட்சியின் உண்மையான மன்றக் கூட்டம் அதுதான். தலைவருக்கு மட்டும் அழைப்பு கிடையாது.

இந்த ஏற்பாடு சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சி உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஆனது. பிகார் 2006-லேயே அதை 50 சதவீதமாக உயர்த்தியது. தமிழ்நாடு 2016-ல் சட்டம் திருத்தி, 2019 டிசம்பர் தேர்தலில் செயல்படுத்தியது. உத்தரப் பிரதேசம் இன்னும் மூன்றில் ஒன்றிலேயே நிற்கிறது. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 31 லட்சம் உள்ளாட்சிப் பிரதிநிதிகளில் ஏறத்தாழ 46 சதவீதம் பெண்கள் என்கிறது மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம். அந்த எண்ணிக்கையோடு கூடவே ஒரு பதவியும் முளைத்தது. எந்தச் சட்டத்திலும் இல்லாத பதவி அது. வடக்கே அதற்கு ‘பிரதான் பதி’, ‘சர்பஞ்ச் பதி’ என்று பெயர். நம் பக்கம் பெயரெல்லாம் வைப்பதில்லை, ‘தலைவரம்மா வீட்டுக்காரர்’ என்றாலே போதும், யார் என்று தெரிந்துவிடும்.

சில வருஷம் முன்னால் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க நானும் ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். சுவரில் தலைவர்கள் பெயர்ப்பலகை, கடைசி வரியில் ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே நாற்காலியில் ஓர் ஆண். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், பொறுமையாகப் படித்தார், ஒரு எழுத்துப் பிழையைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னார். அப்புறம் ஒரு பையனைக் கூப்பிட்டு, “வீட்ல குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வா” என்றார். பத்து நிமிஷத்தில் காகிதம் வந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஈரவிரல் பட்டு மை லேசாகக் கலைந்திருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தாரோ, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாரோ. எனக்கு வேலை முடிந்துவிட்டது, வந்துவிட்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. நல்லவர்தான்.

‘பஞ்சாயத்’ தொடரின் சாமர்த்தியமும் அங்கேதான் இருக்கிறது. பிரிஜ் பூஷண் வில்லன் இல்லை. மனைவியின் பதவியைப் பறித்துக்கொண்டதாக அவருக்கே தெரியாது. பழக இனிமையான மனிதர், தோட்டத்துச் சுரைக்காயைப் பறித்துச் செயலருக்குக் கொடுக்கிற மனிதர். தப்பு என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாதபடி பழகிப்போன ஒரு தப்பைக் காட்ட, கெட்டவனைவிட நல்லவனே பொருத்தம் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னச் சாமான்களின் சண்டை

அரசியல் தொடர் என்றாலே கொலை, கூட்டணி முறிவு, நள்ளிரவு பேரம் என்று பழகியவர்களுக்கு முதல் சீசன் விநோதமாக இருக்கும். இங்கே சண்டையெல்லாம் கையில் தூக்கிவிடக்கூடிய சாமான்களுக்காக.

ஊருக்குச் சோலார் விளக்குகள் வருகின்றன. எங்கெங்கே நடுவது என்று கூட்டம் போடுகிறார்கள். பொதுவிடம், இருட்டுச் சந்து, பெண்கள் நடக்கும் பாதை என்ற பேச்சே எழவில்லை. இருக்கிற செல்வாக்கின் வரிசைப்படி அவரவர் வீட்டு வாசலுக்கு ஒன்றாகப் போகிறது. ஒரு விளக்காவது அலுவலக வாசலுக்கு வந்தால் ராத்திரி படிக்கலாமே என்று அபிஷேக் தவிக்கிறான். கவனித்தால், அவன் கேட்பதும் தன் வாசலுக்குத்தான். ஊராட்சித் தீர்மானம் எப்படி உருவாகிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது நாற்காலி. அபிஷேக் தன் காசில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று வாங்குகிறான். முதுகுவலி, படிக்க வசதி, அவ்வளவுதான் அவன் நினைப்பு. ஆனால் அலுவலகத்தில் பிரதான் ஜீ உட்காருவது சாதாரண நாற்காலியில். ஒரு விரற்கடை உயரம் ஊர் முழுக்க அர்த்தம் பெற்றுவிடுகிறது. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை, பிரிஜ் பூஷணின் முகம் மட்டும் கொஞ்சம் சுருங்குகிறது. அதற்குள் அலுவலகத்தில் தங்கவைத்த கல்யாணக் கோஷ்டியின் மாப்பிள்ளைக்கும் அதே நாற்காலிமேல் ஆசை வந்துவிடுகிறது.

குடும்பக் கட்டுப்பாட்டு வாசகம் கதை இன்னும் ருசியானது. மேலிடம் அனுப்பிய வாசகங்களைச் சுவரில் எழுத வேண்டும். அதில் ஒன்று, ‘ரெண்டு பிள்ளை என்றால் பாயசம், அதற்கு மேலே என்றால் மூலவியாதி’ என்கிற தோரணையில் இருக்கிறது. நான்கைந்து பிள்ளை பெற்றவர்களெல்லாம் திரண்டு வந்துவிடுகிறார்கள். திட்டம் தீட்டியவர் எங்கோ தலைநகரத்தில் பத்திரமாக இருக்க, அடி வாங்குவது சுவரில் பெயின்ட் அடித்தவன். அரசு ஊழியர் யாராவது இந்த அத்தியாயத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று யோசிப்பார்கள்.

கொடிக்கயிறு

முதல் சீசனின் கடைசி அத்தியாயம் ஜனவரி 26. இந்த ஆய்வுக்கு மையமான சம்பவம் என்று நான் எடுத்துக்கொள்வது அதைத்தான்.

கொடி ஏற்ற வேண்டியது பிரதான். சட்டப்படி பார்த்தால் மஞ்சு தேவி. இத்தனை வருஷமாக ஏற்றிக்கொண்டிருப்பவர் பிரிஜ் பூஷண். இந்தத் தடவை நீங்களே ஏற்ற வேண்டும் என்று அபிஷேக் போய்ச் சொன்னபோது மஞ்சு தேவி முகத்தில் மகிழ்ச்சி துளியும் இல்லை. எரிச்சல்தான். வீட்டில் இருக்கிற வேலை போதாதா? கொடி ஏற்றினால் தேசிய கீதம் பாட வேண்டும், அவருக்கு அது முழுதாகத் தெரியாது. ‘அதிகாரம் கொடுத்தோம், பெண் ஏற்றுக்கொள்ளவில்லை’ என்று பலர் சொல்கிற குற்றச்சாட்டுக்குப் பின்னால் இருப்பது பல சமயம் இந்த மாதிரி ஒரு சின்ன வெட்கம்தான். பத்துப் பேர் முன்னால் ஒரு வரி மறந்துபோனால் என்ன ஆவது என்கிற பயம்.

அவர் உட்கார்ந்து பாட்டை மனப்பாடம் செய்ய முயல்கிற காட்சிகள் வேடிக்கையாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் விழாவன்று மாவட்ட ஆட்சியர் வந்து நிற்கிறார். அவரும் ஒரு பெண். பிரதான் எங்கே என்று கேட்கிறார். பிரதானின் கணவர்தான் இருக்கிறார் என்றதும் அவருக்கு வருகிற கோபம், அதுவரை யாருக்கும் தப்பாகவே தெரியாத ஒரு வழக்கத்தை ஒரே நொடியில் தப்பாக்கிவிடுகிறது. மஞ்சு தேவி வருகிறார், கொடி ஏற்றுகிறார், தட்டுத்தடுமாறியாவது பாடி முடிக்கிறார்.

இந்தக் காட்சி இணையத்தில் வந்த நான்கே மாதத்தில், 2020 ஆகஸ்ட் 15 அன்று, தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் ஒரு சம்பவம் நடந்தது. அங்கேயும் தலைவர் ஒரு பெண். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியேற்ற அவரை விடவில்லை. செய்தி வெளியான பிறகு மாவட்ட ஆட்சியர் நேரில் போய், சில நாள் கழித்து அவரையே ஏற்ற வைத்தார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் பட்டியல் சாதிப் பெண் தலைவர், மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்து வழக்கும் கைதும் ஆனது.

ஃபுலேராவிலும் இங்கேயும் அதே கொடி, அதே நாற்காலி. இரண்டிலும் ஆட்சியர் வந்துதான் தீர வேண்டியிருந்தது. ஆனால் ஃபுலேராவில் மஞ்சு தேவிக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே இருந்தது அன்பான ஒரு கணவரும் மறந்துபோன சில வரிகளும்தான். ஆத்துப்பாக்கத்தில் நடுவே நின்றது வேறு.

ஃபுலேரா சொல்லாமல் விட்டது

இங்கே தொடரோடு எனக்குள்ள பெரிய சண்டையைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்து நால்வரின் முழுப்பெயரையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். துபே, திரிபாதி, பாண்டே, சுக்லா. கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் இந்தப் பெயர்களைக் கேட்டவர் யாரும் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. நால்வரும் பிராமணர்கள். தலைவர், துணைத் தலைவர், செயலர், உதவியாளர் எல்லாரும் ஒரே சாதி என்றால், நிஜத்தில் அந்த மாவட்டத்தில் அது ஊர் முழுக்க முதல் பேச்சாக இருக்கும். தொடர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அத்தனை சீசனிலும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள், முறைக்கிறார்கள், கைகலப்புகூட நடக்கிறது, சாதியைச் சொல்லித் திட்டுகிற ஒருவரும் இல்லை.

நகைச்சுவை கெட்டுவிடும் என்று தவிர்த்திருக்கலாம், புரிகிறது. ஆனால் அதன் விலை கொஞ்சநஞ்சமில்லை. ஊராட்சித் தேர்தலில் ஓட்டு எப்படி விழுகிறது என்ற கணக்கிலிருந்து சாதியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தெருச்சண்டை மட்டும்தான். மூன்றாவது சீசன் அதைத்தான் செய்கிறது: ஃபுலேரா கிழக்கு, ஃபுலேரா மேற்கு என்று ஊரை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. திசையின் பெயரால் பிரிந்த கிராமம் எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும், அந்தத் திசைகள் வெறும் திசைகள் இல்லை.

எதிரணியும் எம்.எல்.ஏ.வும்

எதிரணி என்று ஒன்று உருவாவது இரண்டாம் சீசனில். பூஷண், ஊர் வைத்த பெயர் ‘பன்ராகஸ்’. துர்கேஷ் குமார் நடித்திருக்கிற இந்த மனிதர் தப்பு கண்டுபிடிக்கிறதிலேயே பிழைப்பவர். கூடவே எப்போதும் பினோத் என்றொரு அப்பாவி. எதைக் கண்டாலும் “பார்த்தியா பினோத்” என்று அவனிடம் திரும்பி நீட்டி முழக்குகிற பூஷணின் தொனி நாடு முழுக்க மீம் ஆகிவிட்டது. மீமாகச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பூஷண் கேட்பதில் பாதி நியாயமான கேள்விகள். கழிப்பறை இல்லாத வீடு இருக்கும்போது ஊர் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத ஊர் என்று எப்படி அறிவிக்கலாம்? கிராம சபையில் யாராவது எழுந்து கேட்க வேண்டிய கேள்விதான் அது. கேட்கிறவர் கெட்டவர் போலப் படமாக்கப்பட்டிருப்பதால் நாம் கேள்வியையும் சேர்த்து வெறுத்துவிடுகிறோம்.

பூஷணுக்கும் ஒரு மனைவி: கிராந்தி தேவி (சுனிதா ராஜ்வார்). அடுத்த தேர்தலில் நிற்கப் போவது அவர்தான். ஆக எதிரணியும் அதே வார்ப்பில்தான் இருக்கிறது. முன்னால் ஒரு பெண், பின்னால் சட்டைப்பையில் சாவியோடு ஓர் ஆண். ஒரு வித்தியாசம் உண்டு. கிராந்தி தேவிக்கு நாக்கு இருக்கிறது, சண்டை போடத் தெருவில் இறங்க அவர் யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை. தொடர் அவரைக் கேலிச்சித்திரமாகவே வைத்திருப்பது எனக்கு உறுத்தல்.

எம்.எல்.ஏ. சந்திர கிஷோர் சிங் (பங்கஜ் ஜா) உள்ளே வந்ததும் அதிகாரத்தின் அளவுகோலே மாறிவிடுகிறது. ஊர்ச் சாலைக்கு அவர் தயவு வேண்டும். இரண்டாம் சீசனின் முடிவில் பிரஹ்லாத்தின் ராணுவ வீரரான மகன் சாகிறான். துக்க வீட்டுக்குப் பரிவாரத்தோடு வந்து பெயர் வாங்கப் பார்க்கும் எம்.எல்.ஏ.வை ஊர் உள்ளே விடவில்லை. அவர் என்ன செய்கிறார்? அடியாளை அனுப்பவில்லை. செயலருக்கு இடமாற்ற உத்தரவு அனுப்புகிறார். அவ்வளவுதான். அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் நாட்டில் பழிவாங்க இதைவிட மலிவான, சத்தமில்லாத ஆயுதம் வேறு கிடையாது. தொடரில் எனக்கு மிகவும் உண்மையாகப் பட்ட திருப்பம் அந்த ஒற்றைத் தாள்தான்.

மூன்றாம் சீசனின் வீடு ஒதுக்கீட்டுக் கதையும் அப்படியே. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் வீடு வாங்க, பேரனோடு இருக்கிற ஒரு கிழவி தனியாகத் துரத்தப்பட்டவள் போல நடிக்கிறாள். திட்டத்தின் விதி குடும்பத்தை எப்படி அளக்கிறது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பட்டியலையே பிடித்துக்கொண்டு, உன் தெருவுக்கு எத்தனை, என் தெருவுக்கு எத்தனை என்று பூஷண் ஊரைப் பிளக்கிறார். அதற்கப்புறம் தொடர் துப்பாக்கிச் சூடு, ஆஸ்பத்திரி வாசல் அடிதடி என்று போய்விடுகிறது. நாற்காலியின் உயரத்தை வைத்து ஒரு அத்தியாயம் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் துப்பாக்கி எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பாளையத்துக்கு வந்தபோது

2024 செப்டம்பர் 20 அன்று இதே கதை தமிழில் ‘தலைவெட்டியான் பாளையம்’ என்று வந்தது. இயக்கியவர் நாகா. சின்னத்திரையில் ‘மர்மதேசம்’ பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பெயர் போதும். செயலராக அபிஷேக் குமார், தலைவராகத் தேவதர்ஷினி, அவர் கணவராகச் சேத்தன். நிஜ வாழ்க்கையிலும் இவர்கள் கணவன் மனைவி என்பதால் வீட்டுக் காட்சிகளில் ஓர் இயல்பு தானாக வந்துவிடுகிறது.

ஆனால் கதையின் எலும்புக்கூடு வடக்கத்தியது, அதுதான் சிக்கல். உத்தரப் பிரதேசத்தில் ஊராட்சிக் கணக்கைப் பிரதானும் செயலரும் கூட்டாக நடத்துகிறார்கள். அதனால்தான் வெளியூரிலிருந்து வந்த அபிஷேக் திரிபாதி அந்த ஊர் அதிகார வட்டத்தில் ஒருவனாக முடிகிறது. அவன் கையெழுத்து இல்லாமல் காசு நகராது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 வேறு மாதிரி. இங்கே காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது துணைத் தலைவர். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தனித்தொகுதியில் ஜெயித்து வந்த தலைவருக்கு, ஊரின் பெரும்பான்மைச் சாதியிலிருந்து வந்த துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் துப்புரவுப் பணியாளர் சம்பளம்கூட நின்றுபோகும். மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் அலுவலகங்களில் குவிகிற ஊராட்சிப் புகார்களில் இது வாடிக்கையான ஒன்று.

அதாவது தமிழ்நாட்டு ஃபுலேராவில் கதையின் ஆபத்தான ஆள் செயலர் அல்ல, பிரஹ்லாத். பீர் குடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அந்த நல்ல மனிதர் இங்கே பேனாவை மூடி வைத்துக்கொண்டால் ஊராட்சியே நின்றுவிடும். நம் ஊராட்சிச் செயலரும் பெரும்பாலும் அதே ஊரையோ பக்கத்து ஊரையோ சேர்ந்தவராகத்தான் இருப்பார், ஊரைக் கண்டு மிரளுகிற இன்ஜினீயர் பையனாக இருக்கமாட்டார். மேலவளவில் 1997-ல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டதும், தனித்தொகுதிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒழுங்காகத் தேர்தலே நடத்த முடியாமல் கிடந்ததும் இதே மண்ணில்தான். அவ்வளவையும் ஒரு நகைச்சுவைத் தொடரின் தலையில் கட்ட முடியாது, சரி. ஆனால் துணைத் தலைவரின் கையெழுத்து நகைச்சுவைக்கும் நல்ல சரக்குதானே! கையில் கிடைத்ததை விட்டுவிட்டார்கள்.

சுரைக்காயும் குக்கரும்

கொடியேற்றிய பிறகு மஞ்சு தேவி மாறினாரா? கொஞ்சம் மாறினார். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் குளத்து மண்ணைச் செங்கல் சூளைக்காரருக்கு விற்கிற பேரம் வருகிறது. ஆண்கள் திணறுகிற இடத்தில், கடைத்தெருவில் பேரம் பேசிப் பழகிய அனுபவம் மஞ்சு தேவிக்குக் கைகொடுக்கிறது. எனக்குப் பிடித்த காட்சி அது. அதிகாரம் பழகுவதற்குத் தனியாகப் பயிற்சி முகாம் வேண்டியதில்லை, ஏற்கெனவே கையில் இருக்கிற திறமைக்கு வேறு பெயர் கொடுத்தால் போதும் என்று அது காட்டுகிறது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்ளோவும் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. இடஒதுக்கீட்டில் பெண்கள் தலைமைக்கு வந்த ஊராட்சிகளில், பெண்கள் அதிகம் புகார் சொல்கிற குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. பொம்மை என்று ஊர் சொல்கிற தலைவியின் கையிலும் ஏதோ கொஞ்சம் அதிகாரம் வந்து சேர்ந்துவிடத்தான் செய்கிறது.

இந்தப் பாதையில் தொடர் தொடர்ந்து நடந்திருந்தால் நான்காம் சீசன் வேறு மாதிரி இருந்திருக்கும். 2025 ஜூன் 24 அன்று வந்த அந்த சீசன் முழுக்கத் தேர்தல். மஞ்சு தேவிக்குச் சுரைக்காய்ச் சின்னம், கிராந்தி தேவிக்குக் குக்கர். முதல் சீசனிலிருந்து பிரிஜ் பூஷண் ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த அதே சுரைக்காய். இரண்டும் சமையலறைச் சாமான்கள், ஆனால் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது ஆண்கள். யாரை எப்படி இழுப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போடுவதும் பிரிஜ் பூஷணும் பூஷணும்தான். வேட்பாளர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று ஊராட்சியைப் பற்றி உருப்படியாக ஒரு காட்சிகூடப் பேசுவதில்லை, முறைத்துக்கொள்ள மட்டும் செய்கிறார்கள். அரசு ஊழியனான அபிஷேக்கும் வெட்கமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறான். ஜனவரி 26 அன்று அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்ன பையன்தான் அவன்.

பிரதான் பதி விவகாரம் 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒரு குழு அமைத்து, அந்தக் குழு 2025 பிப்ரவரியில் மற்றவற்றோடு கடும் தண்டனையையும் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே அமைச்சகம், ‘பஞ்சாயத்’ தயாரித்த அதே நிறுவனத்தோடு சேர்ந்து ‘அஸ்லி பிரதான் கௌன்?’ என்று ஒரு குறும்படம் வெளியிட்டது. உண்மையான பிரதான் யார் என்று அர்த்தம். நடித்தவர் நீனா குப்தா. அது வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஃபுலேராவில் மஞ்சு தேவி தோற்றுப்போனார். இனி பிரதான் கிராந்தி தேவி. ஊரில் யாரை ‘பிரதான் ஜீ’ என்று கூப்பிடுவார்கள் என்று முதல் சீசன் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.